ஒல்லிக்கு இங்கிலீஷ்

மூன்றாவது சேலையைச் சுற்றிக் கொசுவம் செருகியபோது சென்னியம்மாளுக்கு மூச்சு முட்டியது. உள்ளே இரண்டு நூல் சேலை, மேலே பட்டு. “இப்பத்தான் கண்ணு பொண்ணாட்டம் இருக்கறே,” என்று அம்மா சுப்பாத்தாள் எட்ட நின்று அழகு பார்த்தாள்.

சோமனூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் பொங்கியண்ணனுக்கு அவள் ஒரே மகள். முன்பு பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும், காற்றடித்தால் பறந்துவிடுவாள், பண்ணையம் பார்க்க உடம்பில் தெம்பு வேண்டாமா என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் இரண்டாந்தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று அம்மா அழுத அழுகையில்தான் இந்தச் சேலைத் திட்டம் பிறந்தது. சென்னியம்மாளுக்கு மனசே ஒப்பவில்லை.

மாப்பிள்ளை திருமூர்த்தி கோயமுத்தூரில் இங்கிலீஷ் வாத்தியார். சித்திரை வெயிலில், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு வாட்டசாட்டமாக உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கழற்றிக் கொடுங்கள், ஆணியில் மாட்டுகிறேன் என்று பொங்கியண்ணன் இரண்டு தரம் கேட்டும், “இருக்கட்டுங்க” என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டான். படித்தவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று அவர் விசிறியை எடுத்துக் கொடுத்தார்.

சென்னியம்மாள் காப்பித் தட்டோடு வந்தாள். பெண் பூசினாற்போல இருக்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது காதில் விழுந்ததும் சுப்பாத்தாளுக்கு உயிர் வந்தது. ஆனால் தலைப்பைச் சரிசெய்ய மகள் கையைத் தூக்கினாளோ இல்லையோ, வளையல்கள் சரசரவென்று முழங்கை வரை இறங்கிவிட்டன. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டான்.

நேரம் காலம் தெரியாமல் பொங்கியண்ணன், மகள் டவுனில் எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷில் ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று பெருமையோடு எடுத்துக்கொடுத்தார்.

மாப்பிள்ளையின் கண் இன்னும் வளையலில்தான் இருந்தது. “ஸ்லிம்னா என்னங்க அர்த்தம்?”

பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா அவளைக் கூப்பிட்டதே அந்தப் பெயரால்தான். அந்தக் கோபத்தில் அகராதியைப் புரட்டி, அத்தனை அர்த்தத்தையும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள்.

“ஒல்லினு அர்த்தமுங்க. ஒரு காரியம் நடக்கறதுக்கு வழி கம்மியா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்பறம்... தந்திரக்காரங்களையும் சொல்றதுண்டுங்க.”

“அதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

கூடமே அவள் வாயைப் பார்த்தது. இப்படி ஏமாற்றி ஒருத்தன் வீட்டுக்கு வாழப் போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனைத் தவிர அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது ஒன்றுதான் தைரியம்.

“ஐயாம் ஸ்லிம்,” என்றாள்.

பெரியவர்கள் தலையை ஆட்டி மெச்சினார்கள். மாப்பிள்ளை மட்டும் தலையாட்டவில்லை. மூன்றில் எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று இங்கிலீஷிலேயே கேட்டான்.

மூன்றும்தான் என்று அவளும் இங்கிலீஷிலேயே சொன்னாள். இந்த இடமும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தான். பெரியவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பாடம் நடத்துகிற தோரணையில் இங்கிலீஷில் மெதுவாக என்னவோ சொன்னான். சென்னியம்மாள் சட்டென்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அப்பா எத்தனை தரம் கேட்டும் அவள் சொல்லவே இல்லை. அவன் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“எனக்கும் மூணும் பொருந்துமுங்க. கோட்டுக்குள்ள நாலு சட்டை.”