சீட்டில் விரித்த துண்டு

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு கார்ப் பட்டறையில் ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி நிற்கிறது, எட்டே மாதம் ஆன வெள்ளைக் கார். முன்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் பிரேக் டிஸ்க் காலை வெயிலில் பளபளக்கிறது. மெக்கானிக் அப்பாதுரை அதன்மேல் நகத்தை ஓட்டுகிறார். வரிவரியான பள்ளங்களில் நகம் கரகரக்க, வண்டிக்குச் சொந்தக்காரியான ரோஸ்லினுக்குப் பல் கூசுகிறது. "மீட்டர் ஆயிரம்தான் காட்டுது டீச்சரம்மா. ஆனா இது ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயி வந்த டிஸ்க் இல்ல. மீட்டர் ஒயரக் கழட்டி வெச்சிட்டு டெய்லி வாடகைக்கு ஓட்டியிருக்காங்க." அவளைப் பார்த்துச் சொல்ல மனமில்லாமல் டிஸ்க்கைப் பார்த்தே சொல்கிறார்.

ஓட்டத் தெரியாத அவள் நம்பிச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கும் தம்பி சேவியர், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறான். "புது வண்டிக்கா, மெதுவாத்தான் பழக்கணும்" என்று ஞாயிறுதோறும் காக்ஸ் டவுன் தெருக்களில் ஊர்ந்தவன். "ரோடு அப்படிக்கா. பூரா குழி, ஹம்ப்பு. பிரேக்ல கால வெச்சுட்டேதான் ஓட்டணும்," என்கிறான் இப்போது. ரோஸ்லின் பின்கதவைத் திறக்கிறாள். அவளுக்கென்று அவன் வாராவாரம் விரிக்கும் வெள்ளைத் துண்டு சுருக்கமில்லாமல் கிடக்கிறது. "எடுக்காதக்கா, சீட் அழுக்காயிடும்" என்பான். ஒரு முனையைப் பிடித்துத் தூக்குகிறாள். அடியில், யார் யாரோ உட்கார்ந்து எழுந்து சீட்டுத்துணி நைந்திருக்கிறது. ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. கையிலிருக்கும் துண்டில் மட்டும் சலவை வாசனை.