வெட்கப்படாமல் கேளுங்கள்

“இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே? கிருமி கருக்குழாய் வரைக்கும் போயிடுச்சு. இனிமே குழந்தை தங்கறதே கஷ்டந்தான்” என்றார் டாக்டரம்மா.

புதுசாகக் கல்யாணமான மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அடிவயிறு வலிக்குது, வெள்ளை படுதுன்னு சொல்ல வந்தேன்ப்பா. அப்பன்கிட்டப் பேசற பேச்சா இதுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அம்மாவும் இல்ல, நான் யார்கிட்டப் போவேன்? அதான் பத்திரிகையில பதில் சொல்ற டாக்டருக்குப் பேர் போடாம எழுதினேன்.”

“என்ன சொன்னார் அந்த டாக்டர்?” என்றார் டாக்டரம்மா.

“கல்யாணமான புதுசுல அப்படித்தான் இருக்கும், பயப்படாதே, தானா சரியாயிடும்னு.”

“பார்க்காமலே வைத்தியமா? யாரும்மா அந்த மடையன்? சும்மா விடக் கூடாது!”

“அப்பா வேலை பார்க்கிற பத்திரிகைதான் மேடம். அதனாலதான் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன்.”

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்தப் பத்திரிகையில் டாக்டர் என்று யாரும் கிடையாது. வாராவாரம் டீ ஆறுவதற்குள் அந்தப் பதில்களை எழுதித் தள்ளுவது அவர்தான்.