நுரைக்கக் கூடாத சோப்பு
குளிரறையில் ஆராய்ச்சிக்காரி சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். பன்றிச் சினைப்பையை அரைத்த கலவையில், செல் சவ்வோடு ஒட்டிக்கிடக்கும் நொதியை உப்புப் போட்டு உசுப்பியாகிவிட்டது. இனி நோகாமல் கழற்ற வேண்டும். சோப்பு நுரைத்தால் நொதி செத்துவிடும். போன இரண்டு தடவையும் செத்தது, மிச்சம் இவ்வளவுதான். கால் தரையில் தாளம் போடுகிறது. கண்ணாடிக் குச்சி பிடித்த கை மட்டும், பேரம் படியும்வரை வாய் திறக்காத வியாபாரிபோல் நிதானம். சரக்கு கொண்டுவந்த கசாப்புக்காரர் கதவருகே நிலைகொள்ளாமல் நிற்கிறார். “நான் கொன்னு கொண்டாந்தத நீ உயிரோட கேக்குறியேம்மா!” “சிரிப்பு காட்டாதீங்கண்ணே, கை ஆடிடும்.” ஓரத்தில் ஒரு குமிழி எழுகிறது. குச்சி நிற்கிறது. கலவைக் குடுவை வைத்த வாளியில் ஐஸ் சரியும் சத்தம். குமிழி உடைகிறது, இன்னொன்று வரவில்லை. காலையில் இருபது பன்றி அறுத்தவர் இப்போதுதான் மூச்சு விடுகிறார்.