முப்பதாவது குழி

“இதோட நாலாவது செடி, துலுக்காணம். நீ தண்ணி ஊத்தறியா, தாலாட்டுப் பாடறியா?”

ஓவர்சீயர் ஆதிநாராயணன் காய்ந்துபோன மயில்கொன்றைச் செடியைப் பிடித்து இழுத்தார். அது சொன்ன பேச்சுக் கேட்டு கையோடு வந்துவிட்டது. எழுபத்து நாலாம் வருஷச் சித்திரை வெயிலில் அவருக்கும் கோபப்படத் தெம்பில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து புது ஃபேக்டரிகளுக்குப் போகும் ரோட்டில் முப்பது குழி வெட்டி, முப்பது செடி நட்டு நாலு வருஷமாகிறது. அதில் இருபத்தொன்பது செடிகள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. சில செக்கச்செவேலென்று பூக்கவும் ஆரம்பித்துவிட்டன. கன்னியம்மா டீக்கடைக்கு எதிரே இருக்கும் இந்த முப்பதாவது குழியில் மட்டும் வைக்க வைக்கச் செத்தது.

தண்ணீர்ப் பீப்பாய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு துலுக்காணம் துண்டால் முகத்தைத் துடைத்தான். ஐம்பத்தைந்து வயசு உடம்பு. ஸ்டேஷன் குழாயில் பிடித்து இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வருவதற்குள் முட்டி இரண்டும் கழன்றுவிடும்.

“நான் இன்னா சார் பண்றது? பெத்த புள்ள மாரி பாத்துக்கறேன். இந்தம்மா அடுப்புப் பொகைதான் கருக்கிடுது.”

“தோ பாரு, என்னாண்ட வம்பு வெச்சிக்காத,” என்று கடைக்குள்ளிருந்து கன்னியம்மா சீறினாள். “உன் கைராசி அப்பிடி. எங்கடையை இன்னாத்துக்கு இஸ்துக்கினு வர்றே?”

செடி சாகும்போதெல்லாம் நடக்கிற சண்டைதான். ஓவர்சீயர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தார்.

“டீ மட்டும் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் கிணறெல்லாம் உப்பாச்சே?”

“எங்கியோ போயி தூக்கியாறேன் சார். என் தலையெழுத்து.”

அவர் துலுக்காணத்தின் பக்கம் திரும்பினார். “இப்ப வைக்கப் போறதும் செத்துதுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்.”

போன மூன்று தடவையும் இதைத்தான் சொன்னார். ஆனாலும் துலுக்காணத்தின் முகம் சுருங்கிவிட்டது. நிலம் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது. இந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. பார்க்கப் பாவமாக இருந்தது.

“சரி, விடு. மத்ததெல்லாம் இனிமே தானா நின்னுக்கும். இது ஒண்ணு வேர் பிடிச்சிட்டா வண்டியைத் திருப்பி அனுப்பிட்டு நானும் நிம்மதியா இருப்பேன்,” என்றபடி சைக்கிள் கேரியரிலிருந்த புதுச் செடியை எடுத்துக் கொடுத்தார்.

துலுக்காணம் மண்ணைக் கிளறி, கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, செடியை நட்டான். வேரைச் சுற்றி விரலால் பதமாக அழுத்தினான். அவன் அதைத் தொட்ட விதத்தைப் பார்த்து ஓவர்சீயருக்கே மனசு இளகிவிட்டது. சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் தலை மறைந்ததும், துலுக்காணம் வண்டியைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கன்னியம்மாவின் அண்டா நிறையத் தண்ணீர் திறந்துவிட்டான். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து புதுச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னியம்மா அவன் கையில் டீயைக் கொடுத்தாள்.

“இந்தத் தபா சுடுதண்ணிய நானே ஊத்திடறேண்ணா. உனுக்கு மனசு வராது.”