அடையாறுக்கு அஞ்சணா

மயிலாப்பூர்க் குளக்கரை ஜட்கா ஸ்டாண்டில் அன்று காலை ஒரு சண்டை. கத்தரிக்காய் வாங்கப் போன நான், போன வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

"அடையாறுக்கு எட்டணாவா? சவாரிக்குக் கேக்கிறியா, குதிரையவே விக்கிறியா?" என்றாள் மீன்காரி ஒருத்தி.

"காலு கீதுல்ல, நடமே," என்றான் ஜட்காக்காரன்.

"உன் மூஞ்சில கொள்ளி வைக்க. உன் வண்டில பொணங்கூட ஏறாது."

"பொணம் பேரம் பேசாது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. தொண்டை வறளக் கத்தி அவனை அஞ்சணாவுக்கு இறக்கியவள், "அதுவும் எங்கிட்ட இல்ல, போ," என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் நின்ற எங்கள் தெரு ரகுபதி ஐயர் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்காதவர். இப்படி ஒரு பேரத்தை விடுவாரா? துள்ளி ஏறினார்.

"அதே அஞ்சணாதான். அவளுக்கு ஒரு விலை, நேக்கு ஒரு விலைன்னு பேசப்படாது," என்று காசையும் கையோடு கொடுத்துவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த கான்ஸ்டபிள் கூட்டத்திடம் விவரம் கேட்டுக்கொண்டார்.

"நியாயமான கூலி மூணணாதான். எட்டணா கேட்டவனைச் சும்மா விடமாட்டேன்," என்றவர் மீன்காரியிடம் திரும்பினார். "புகார் உன்னுதுதானே? இவன் பேரு தெரியுமா?"

அதுவரை அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவள், முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு தலை குனிந்தாள்.

"கேக்கறேனில்ல, சொல்லு."

அவள் கோயில் கோபுரத்தைக் கைகாட்டினாள்.

"அதோ, அங்க கீற சாமி பேருதாங்க. நான் எப்பிடிங்க வாயால சொல்றது?"

"அடிப்பாவி," என்றார் ஐயர் வண்டிக்குள்ளிருந்து. "உன் ஆம்படையானாடீ?"