இறக்கத்தில் ஓர் ஒத்திகை

"உங்க மகனுக்கு வந்திருக்கிறது ரத்தப் புற்றுநோய், அய்யா."

"அய்யய்யோ! எம் மகனுக்கா?"

"ஆமாங்கய்யா. கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். எத்தனை தடவை கேட்டாலும் நான் சொல்றேன். மெதுவாக் கேளுங்க."

தங்கபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கையால்தான். இன்னொரு கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வளைவு வந்ததும் அடித்த கையையும் இறக்கி, ஆரனை அழுத்தி, ஜீப்பைப் பதமாகத் திருப்பினார்.

"எப்பிடித்தா? உனக்கு அழுகை வந்துச்சா?"

முத்துப்பிரியா சிரித்துவிட்டாள். "அப்பா, சீக்காளியோட அப்பா யாரும் டாக்டர்கிட்ட இப்படிக் கேக்க மாட்டாங்க."

சென்னையில் ரத்தநோய்க்கும் புற்றுநோய்க்குமான மேற்படிப்பில் அவளுக்கு இது கடைசி வருடம். கெட்ட சேதியை நோயாளியின் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் பரீட்சை உண்டாம். படித்ததெல்லாம் இங்கிலீசில், ஊர்ப்பேச்சில் சொல்லிப் பழக வேண்டும் என்றாள். அம்மா கற்பகத்திடம் சொல்லிப் பார்த்தால், நடிப்பென்று தெரிந்தும் அழுதுவிடுவாள். அதனால்தான் காலையில் அப்பாவோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். ஏலக்காய் எடுக்கும் ஆட்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தங்கபாண்டிக்கு நிலைகொள்ளாத சந்தோசம். பொங்கலுக்குக்கூட மகளை விடாத ஆஸ்பத்திரி, ஆடி மாதத்தில், அதுவும் வாரத்தின் நடுவில், கேட்டதும் லீவு கொடுத்திருக்கிறது. "உங்க பெரிய டாக்டருக்கும் ஈரம் இருக்குதுத்தா" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சரிப்பா, இப்ப நீங்க கேள்வி கேளுங்க."

"இருத்தா, வேசத்தை ஒழுங்காக் கட்டிக்கிறேன். எனக்குத் தேவாரத்துல தோட்டம். மூணு ஆம்பளப் புள்ளைக. சீக்காக் கெடக்குறவன் நடுவுலவன். மூத்தவன் மிலிட்டரியில..."

"அவ்வளவெல்லாம் வேண்டாம்ப்பா."

"வேணும்த்தா. நெசத்துலதான் ஒத்தப் புள்ளையோட நின்னுபோச்சு. நடிப்புலயாச்சும் வீடு நெறஞ்சு இருக்கட்டும்." தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை மாற்றினார். "இந்தச் சீக்கு என்னத்தால வந்துச்சு டாக்டரம்மா? நாங்க எதுவும் பாவம் பண்ணிட்டமா? நான் பீடி குடிச்சதாலயா?"

"இல்லங்கய்யா." அவள் சட்டென்று சொன்னாள். "நீங்க செஞ்ச எதனாலயும் வரல. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்கக் கூடாது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"பொழைச்சுக்கிருவானா?"

"மருந்து இருக்கு. ஆஸ்பத்திரியில வச்சு ஏத்துவாங்க. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். பாக்கறதுக்கு உங்களுக்குத் தாங்காது. ஆனா அழுதுக்கிட்டே பக்கத்துல உக்காரக் கூடாது, சரியா?"

தங்கபாண்டிக்கு நடிப்பு மறந்து மனம் நெகிழ்ந்தது. "நல்லாச் சொல்றத்தா. உனக்கு எவனாச்சும் மார்க்கைக் குறைச்சான்னா, இந்த ஜீப்புல ஏத்தி, வாந்தி எடுக்கிற வரைக்கும் மலையைச் சுத்திக் காட்டுறேன்."

கீழிருந்து ஆட்களோடு ஏறி வந்த ஜீப்புக்கு வழிவிட்டு ஓரங்கட்டினார். அதை ஓட்டி வந்த கார்முகில் தலையை நீட்டினான். "அண்ணே, டாக்டரு வந்துருக்குபோல! எங்காத்தாவுக்கு மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்க!"

"போடா! எம் மக பெரிய சீக்குக்குத்தான்டா வைத்தியம் படிக்கிறா!"

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முத்துப்பிரியாவும் கையசைத்தாள். சாரல் உள்ளே அடித்தது. தங்கபாண்டி வண்டியை எடுத்தார்.

"எங்க விட்டோம்? ஆங்... அந்த மருந்துக்கும் கேக்கலைன்னா, டாக்டரம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கீழே போடியின் கூரைகள் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. அதை இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்து ஏத்தணும். கூடப் பொறந்தவங்க இருந்தா மொதல்ல அவங்களுதத்தான் பாப்பாங்க. அதுக்கு இங்க வழியில்ல. உங்களுது, இல்லன்னா அம்மாவோடது. பாதி சேந்தாலும் இப்பல்லாம் செய்யலாம். உங்களுக்குப் பெருசா வலிக்காது."

"போச்சு, மார்க்கு போச்சு!" தங்கபாண்டி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். "எனக்குத்தான் மூணு புள்ளைகளாச்சே! மூத்தவன் மிலிட்டரியில மாடு மாதிரி திடமா இருக்கான். அவன்கிட்ட எடுக்கிறத விட்டுப்புட்டு, கெழவங்கிட்ட எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை.

'மறந்துட்டேன்ப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காக அவர் சிரித்த முகத்தோடேயே காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். மடியில் இருந்த தன் கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில் அவர் ஆரன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வளைவுக்குப் போகவே இல்லை. தடுப்புச் சுவரோரம் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவள் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"எம் மகளைக் காப்பாத்திக் குடுத்துருங்க, டாக்டரம்மா."