தண்ணீர் படவில்லை

"போனைச் சரி பண்ணித் தர வேணாம் தம்பி. தண்ணி படலைன்னு சீல் வச்சு எழுதிக் குடு, அது போதும்."

சுருளியம்மாள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். ஐந்து நாளில் இது நாலாவது நடை. ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றுவிடுகிறாள்.

தேனியில் அந்த செல்போன் சர்வீஸ் சென்டரை இம்மானுவேல் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறான். கத்துகிறவர்களைச் சமாளிக்க அவனுக்குத் தெரியும். இந்த அம்மா கத்துவதும் இல்லை, கிளம்புவதும் இல்லை. அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

"அம்மா, போன் கயல்ங்கிற பேருல இருக்கு. அவுக வீட்டுக்காரர் போன வாரம் கொண்டாந்தப்பவே சொல்லிட்டேன். உள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணி பட்டா செவந்துரும். இதுல செவந்திருக்கு. தண்ணி பட்ட போனுக்கு வாரண்டி கெடையாது."

"வாங்கி அஞ்சு மாசந்தானப்பா ஆகுது?"

"அஞ்சு நாளே ஆனாலும் அதான் ரூல்."

"நீ பாட்டுக்கு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்ட. அது எங்கன போயி வெடிச்சுச்சுன்னு தெரியுமா?" சுருளியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "போனை வாய்க்கால்ல போட்டுட்டு வாய் கூசாமப் பொய் சொல்றியேன்னு, கயல அவ மாமியாக்காரி தெருவே கேக்க ஏசிட்டா. அந்தப் புள்ள சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுச்சு. கேட்டாளா அவ? கையிலதான் உஞ்சீட்டு இருக்கே. புள்ள பொட்டியத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீடு போயிருச்சு. பொய்க்காரின்னு சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்ற வரைக்கும், அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுருச்சு."

பெற்ற வயிறு, சும்மா இருக்குமா என்று இம்மானுவேல் நினைத்துக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுத்த சீட்டைத் தப்பென்று எழுதினால் கம்பெனிக்கு அவனல்லவா பதில் சொல்ல வேண்டும்?

"வாய்க்கால்ல விழலைன்னு நீங்க எப்படிம்மா சொல்றீக?"

"போனு நின்னுபோன அன்னைக்கு வாய்க்கால்ல தண்ணியே கெடையாது. கரை வேலைக்காக மேலயே அடைச்சிருந்தாக. தண்ணி தொறந்து விடுற பலவேசத்துக்கிட்ட நானே போயிக் கேட்டேன். மூணு நாளா சொட்டுத் தண்ணி வரல. காஞ்ச வாய்க்கால்ல போனு எப்படி நனையும்? அந்த ஊருலயே வாழை வச்சுப் பொழைக்கிறவ, அந்த மாமியாக்காரிக்கு இது தெரிய வேணாம்? கோவத்துல கண்ணு அவிஞ்சு போச்சு சிறுக்கிக்கு."

"வேற எங்கயாச்சும் நனைஞ்சிருக்கலாம்ல?"

"நனைஞ்சிருந்தா உள்ள துருப்பிடிச்சிருக்கும்ல? நீ தொறந்து பாத்தியா?"

இம்மானுவேல் போனைக் கையில் எடுத்துப் புரட்டினான். அவன் திறந்து பார்க்கவில்லை. நாளைக்கு இருபது போன் வருகிறது. சிம் போடும் இடத்தில் டார்ச் அடித்து, ஸ்டிக்கர் சிவந்திருந்தால் 'தண்ணீர் சேதம்' என்று எழுதித் தள்ளுவதுதான் வழக்கம்.

"ஒண்ணு பண்றேன்மா. என் கைக்காசைப் போட்டு போனைச் சரி பண்ணித் தர்றேன். சீட்டை மட்டும் விட்ருங்க."

"போன் கெடக்குது கழுத. எனக்குச் சீட்டுதான் வேணும்."

சொல்லிவிட்டு அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துக் காலடியில் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டோடுதான் வந்திருக்கிறாள்.

காத்திருந்தவர்கள் இம்மானுவேலையே பார்த்தார்கள். அவன் பெருமூச்சு விட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்து போனைத் திறந்தான்.

லென்ஸை வைத்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். துரு இல்லை, பச்சைக் களிம்பு பூக்கவில்லை, ஈரம் பட்ட சுவடே இல்லை. சார்ஜ் ஏறும் இடத்தில் ஒரு சின்னச் சிப் மட்டும் கருகியிருந்தது. தயாரிப்பிலேயே கோளாறு.

"இந்தப் போன் மலைக்கு ஏதும் போச்சாம்மா?"

"ஐப்பசியில மேகமலையில சொந்தக்காரக வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் ஒரு வாரம் இருந்தாக."

"அந்தப் பனிமூட்டத்துலயே ஸ்டிக்கர் செவந்திருக்கும்." இம்மானுவேல் லென்ஸைக் கீழே வைத்தான். வெட்கமாக இருந்தது. "நான் தொறந்து பாக்காம எழுதிட்டேன்மா. தப்பு என்னோடதுதான்."

"சொல்லிட்டேல்ல? நாக்கு என்ன தேஞ்சா போச்சு?" என்றாள் சுருளியம்மாள். "இந்த ஒத்த வார்த்தையச் சொல்லத்தான் நம்மளுக்கெல்லாம் அம்புட்டு வலிக்குது."

லெட்டர்பேடில் எழுதினான். போனில் தண்ணீர் படவில்லை, தயாரிப்புக் குறை, வாரண்டி உண்டு, முன்பு கொடுத்த சீட்டு தவறு. கையெழுத்துப் போட்டு சீல் வைத்தான். அவள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

எழுதிக் கொடுத்த பிறகு இம்மானுவேலுக்கு மனசு லேசாகி, அந்தப் பெண்ணுக்காகக் கோபமும் வந்தது.

"அந்த மாமியா மூஞ்சியில கொண்டுபோயி இதை விட்டெறிங்கம்மா. அவுக நம்பரக் குடுங்க, நானும் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

சுருளியம்மாள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நம்பரு எதுக்குப்பா? கேக்குறத இங்கனயே கேளு, அந்த மாமியாக்காரி நாந்தான். சீக்கிரமாக் கேளு, பண்ணைப்புரம் பஸ்ஸப் புடிச்சுப் போயி எம்மருமகள அழைச்சுக்கிட்டு வரணும்."